விசிறிப் பெட்டிகளும் உன் நான்கு நோட்டுகளும்

என் எஸ்தருக்கு,

நீ இறந்து இரண்டு வருடம் கழித்து, உன்னோடு கல்லூரியில் பாடம் நடத்திய தோழி டெனிஸ், இந்த அமெரிக்க ஊரான கேட்டியில் இருக்கும் நம் மளிகைக் குடோனுக்கு வந்தார். நீ விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பாமல் விட்டாயே, அந்த இடம் இப்போது அவருக்குக் கிடைத்திருக்கிறது. கறுப்பினத்தவர் கல்லூரிகளில் வரலாறும் இலக்கியமும் நடத்துகிறவர்களுக்கான திட்டம்; ஒரு வருடம் வகுப்பு எடுக்க வேண்டாம். நியூஜெர்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் அறை, நூலகம், சொந்த ஆராய்ச்சி.

அன்று நீ அதைச் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒரு வருஷம் ஷட்டர இறக்கினா கஸ்டமர் அடுத்த கடைக்குப் போயிடுவான். உன் சீட்டும் அப்படித்தான்" என்றேன். "காலேஜ் என்ன உங்க மளிகைக் கடையா?" என்று சிரித்தாய். ஆனாலும் அனுப்பவில்லை. ஏன்?

என்னால்தான் நீ போகவில்லை என்று டெனிஸிடம் சொன்னேன். "இல்ல செல்வின், அந்த வருஷம் நானும் அப்ளை பண்ணேன். காலேஜ் ஒருத்தரைத்தான் அனுப்பும். எஸ்தர் எனக்காகத்தான் ஒதுங்கினா" என்றார். அப்போது அவருக்கும் கிடைக்கவில்லையாம். பழியை ஆளுக்காள் தன் பக்கம் இழுக்கும் பேரத்தை இத்தனை வருட வியாபாரத்தில் நான் பார்த்ததில்லை.

அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து நீ ஆராய்ச்சிக்குச் சேர்த்த பெட்டிகளை இறக்கினேன். எல்லாம் சவ அடக்கம் செய்யும் கடைகள் கறுப்பினத்தவர் சர்ச்சுகளுக்கு இலவசமாகக் கொடுத்த காகித விசிறிகள். நம் கடைக் காலண்டர் மாதிரி வெறும் விளம்பரம் என்று கேலி செய்திருக்கிறேன். டெனிஸ் ஒன்றைத் திருப்பிப் பெயரைப் படித்தார். "எங்க அப்பாவ அடக்கம் பண்ணது இவங்கதான்" என்றார். அடுத்த பெட்டியை நானே பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

எந்த விசிறி யார் கையில் இருந்தது, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உன் நான்கு நோட்டுகளில் இருக்கிறது. அவ்வளவும் தமிழில். அந்தக் குறிப்புகள் இல்லாமல் இந்தப் பெட்டிகள் டெனிஸுக்கு வெறும் அட்டைகள்தான். ஜாஸ்மினிடம் காட்டினேன். "அப்பா, ஐ கான்ட் ரீட் திஸ். யூ ரீட் இட்" என்றாள் நம் மகள்.

முதல் பக்கத்திலேயே "இவர் இன்றைக்கும்" என்று ஒரு வரி தொடங்கியது. மூடிவிட்டேன். விசிறியைப் பற்றிய நோட்டில் நான் எதற்கு வந்தேன்? திட்டா, வருத்தமா? வேறு ஆளை வைத்து மொழிபெயர்க்கலாம் என்றார் டெனிஸ். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரியா தப்பா, தெரியவில்லை.

ஆகஸ்டில் அவர் கிளம்புகிறார். அதுவரை தினமும் காலையில் நான் படித்து ஆங்கிலத்தில் சொல்வேன், அவர் எழுதிக்கொள்வார். என்னைப் பற்றிய வரிகளைத் தாண்டிப் போக மாட்டேன், எஸ்தர். நீ திட்டியிருந்தால் திட்டியதாகவே சொல்வேன்.

உன் வீட்டுக்காரன்,
செல்வின்