மேசையைத் தட்டும் சத்தம்

அன்புள்ள என் மகளுக்கு,

நீ நல்ல உடம்போடும் நிம்மதியோடும் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன், இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் உன் அப்பாவும் தம்பியும் பக்கத்திலேயே இருப்பார்கள், நானும் பாதியில் அழுதுவிடுவேன், அப்புறம் நீ அங்கே வேலை ஓடாமல் தவிப்பாய். நீ அனுப்பிய ஸ்வெட்டர் தம்பிக்குத் தோளில் பிடிக்கிறது, பையன் மளமளவென்று வளர்ந்துவிட்டான், மீசை எட்டிப் பார்க்கிறது, கண்ணாடி முன்னால் நின்றால் நகர்த்த ஆள் வேண்டும். பரிசோதனை நிலையத்தில் எனக்கு வழக்கம்போல விடிந்ததும் கூட்டம், ரத்தம் எடுக்க ஊசியைக் காட்டினால் வாட்டசாட்டமான ஆண்கள்தான் முதலில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். இப்படியே ஊர்க்கதை பேசிப் பக்கத்தை நிரப்பிவிட ஆசையாகத்தான் இருக்கிறது.

எதிர்வீட்டுத் தையல்காரர் மகளை நீ மறந்திருக்கமாட்டாய், நீ சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தாயே, வாய் ஓயாமல் கேள்வி கேட்கிறாள் என்று ரேடியோ என்று பட்டப்பெயர்கூட வைத்தாயே, அவள் இப்போது தம்பி வகுப்பில்தான் படிக்கிறாள். அந்த ரேடியோ பேசுவதை நிறுத்திவிட்டது கண்ணு. தொண்டையில் ஏதோ கோளாறு என்று பயந்து அவள் அப்பா எங்கள் நிலையத்துக்கே கூட்டிக்கொண்டு வந்தார், நான்தான் பஞ்சுக்குச்சியை விட்டுச் சளி எடுத்தேன், ஆ காட்டு கண்ணு என்றால் வாயைத் திறந்தாள், சத்தம் மட்டும் வரவில்லை. ஒரு கிருமியும் இல்லை என்று முடிவு வந்தது. அதை வாங்கிக்கொண்டு போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள், அப்போது எனக்கு விளங்கவில்லை, பருவம் வந்த பிள்ளை, ஏதோ வீட்டுக் கோபம் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் தம்பியின் வகுப்பு டீச்சர் என்னை வரச் சொன்னார். அச்சகத்தில் அவசர வேலை என்று உன் அப்பா வரவில்லை, நான் மட்டும் போனேன். ஆசிரியர்கள் அறையில் ஒரு நீள மேசை, இந்தப் பக்கம் எனக்கு நாற்காலி போட்டார்கள், தம்பி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வகுப்பில் ஒரு விளையாட்டு நடக்கிறதாம், ஆரம்பித்து வைத்தவன் நம் பிள்ளைதானாம். அவன் டெஸ்கைத் தட்டினால் பக்கத்தில் இருக்கிற பெண் கீழே விழுந்த பேனாவை எடுத்துத் தர வேண்டும், தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொண்டுவர வேண்டும், மாட்டேன் என்றால் அவள் எழுந்திருக்கும்வரை பையன்கள் வரிசை முழுக்கத் தட்டுமாம். தொல்லை விட்டால் போதும் என்று சில பெண்கள் செய்தும் கொடுத்திருக்கிறார்கள். ரேடியோ மட்டும் உனக்குக் கை இல்லையா என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அவள் பதில் சொல்ல எழுந்தாலே பையன்கள் எல்லோரும் தட்டுவார்களாம். முதலில் சத்தமாகப் பேசிப் பார்த்தாள், பிறகு அழுதாள், இப்போது வருகைப்பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்குகிறாளாம்.

இப்படித்தாங்க தட்டுறான் என்று சொல்லி டீச்சர் விரல் மடித்து மேசையை டக் டக் என்று தட்டிக் காட்டினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். யோசித்து எழவில்லை, கால் தானாக எழுந்துவிட்டது, கை அந்த மேசைமேல் இருந்த தண்ணீர் ஜாடிக்குப் போய்விட்டது. ஏங்க, கிளம்பிட்டீங்களா என்று டீச்சர் கேட்டார், எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. உன் தம்பி சிரிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. எங்க வீட்ல அப்பா இப்படித்தான் மேடம் கூப்பிடுவாரு, எங்கம்மா அழமாட்டாங்களே, இவ மட்டும் ஏன் அழறா என்று உண்மையாகவே புரியாமல் கேட்டான். குறும்புக்குச் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அந்தத் தட்டல் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். அச்சு இயந்திரம் ஓடும் இரைச்சலில் பேச்சு காதில் விழாது, தகரத்தில் ஸ்பானரால் தட்டினால்தான் காகிதம் அடுக்குகிறவர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பழக்கத்தைக் கல்யாணமான புதிதில் உன் அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார், அப்போது இரண்டு பேரும் சிரித்தோம். வீட்டில் எந்த இயந்திரம் ஓடுகிறது என்று நான் கேட்டதில்லை. டீச்சர் சொன்னதையெல்லாம் சாயங்காலம் அவரிடம் சொன்னேன், வயசுப் பசங்க, கொஞ்சம் விளையாடத்தான் செய்வாங்க என்றார். நான் அங்கே எழுந்து நின்றதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. நான் என்ன உன்னை அடிச்சேனா, ஒரு வார்த்தை திட்டினேனா என்றார். இல்லைதான், ஒரு நாளும் இல்லை. சரி, இனிமே தட்டலை என்று சொல்லி மறுநாளே நிறுத்தினார், காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், அதைப் பார்த்துவிட்டு நானே எழுந்து போய்த் தண்ணீர் நிரப்பினேன், எங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது சொல்லு.

தம்பியை எதிர்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வைத்தேன். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், கோபப்படவில்லை, என் புள்ள தொண்டையைக் குடைய வெச்சுட்டேனே என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். வீடு திரும்பும்போது, அதான் சாரி சொல்லிட்டேனே, இன்னும் ஏம்மா முகத்தைத் தூக்கி வெச்சிருக்கே என்று கேட்கிறான் உன் தம்பி. நான் பெற்று, நான் ஊட்டி வளர்த்த பிள்ளை கண்ணு, அவனை வெறுக்கவும் முடியவில்லை, பழையபடி கொஞ்சவும் முடியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அங்கே உன் ஆபீசில் யாராவது மேசையைத் தட்டினால் உனக்கும் எழுந்திருக்கத் தோன்றுகிறதா? தோன்றினால் அம்மா மனசு கஷ்டப்படும் என்று மறைக்காதே. நீ ஒரு முறை ரேடியோவைக் கூப்பிட்டுப் பேசு, உன்னிடமாவது வாயைத் திறப்பாள், ஒரே ஒரு வார்த்தை பேசினாலும் எனக்கு உடனே சொல்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சாப்பாட்டு மேசையில் டக் டக் கேட்கிறது. நான் எழுந்திருக்கவில்லை, இரண்டு காலையும் நாற்காலிக் காலோடு பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இந்த வரியில் எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். மறுபடியும் கேட்கிறது. தட்டுவது, இனிமே தட்டலை என்று சொன்ன உன் அப்பாவா, தம்பியா என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை, இரண்டு பேருடையதும் ஒரே சத்தம்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ எந்த இடத்தில் இருந்தாலும் உன் இஷ்டத்துக்கு உட்கார்ந்து, உன் இஷ்டத்துக்கு எழுந்து, நூறு வயசு நன்றாக இரு.

இன்னும் உட்கார்ந்தே இருக்கும்,
உன் அம்மா