நாற்பத்தெட்டு மாதச் சராசரி

ஜூன் 4

அன்புள்ள கிரேன்காரருக்கு,

இங்கே நானும் மகளும் சுகம். அவளுக்கு முன்பல் ஆடுகிறது. போனில் பேசினால் சண்டையில் முடிகிறது என்பதால் எழுதுகிறேன்.

"காயினை வித்துட்டு ஊருக்கே வந்துடட்டுமா?" என்று திரும்பவும் கேட்டீர்கள். அவசரப்படாதீர்கள். நம் சேமிப்பை அந்தக் கிரிப்டோவில் போடும் முன், நான்கு வருட ஏற்ற இறக்கத்தை மாதம் மாதமாகக் குறித்து, கூட்டி, நாற்பத்தெட்டால் வகுத்தவள் நான். சராசரி, மாதத்துக்கு மூன்று சதவீதம். இரண்டு வருடம் மந்தமாகப் போனதற்காக அது பொய்யாகிவிடாது. இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் தீர்ந்துவிடும்.

உங்கள் டீச்சர்

ஜூன் 19

டீச்சரம்மாவுக்கு,

நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கேபினுக்கு ஏறும் ஏணியில் முட்டி மக்கர் பண்ணுகிறது, மற்றபடி குறையில்லை. ஒரு வருடம்தானே, ஓடிவிடும். பல் விழுந்தால் படம் அனுப்பு.

உன் கிரேன்காரன்

ஜூலை 8

உங்களுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேற்று எட்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்தினேன். ஒரு விலை ஐம்பது சதவீதம் ஏறி, பிறகு ஐம்பது சதவீதம் இறங்கினால் என்ன ஆகும்? பாதி வகுப்பு 'பழைய விலை' என்று எழுதியிருந்தது. நூறு நூற்றைம்பதாகும், அதில் பாதி போனால் எழுபத்தைந்துதான். வழக்கம்போல் சிவப்பில் சுழித்துக்கொண்டே வந்தவள் பேனாவை மூடி வைத்துவிட்டேன். நானும் அதைத்தானே செய்திருக்கிறேன்! மாதச் சதவீதங்களைக் கூட்டக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்க வேண்டும். பெருக்கினேன். நான்கு வருடத்துக்கும் சேர்த்து ஒன்றும் தேறவில்லை.

போட்ட பணம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. உங்களுடைய இரண்டு வருடத்தைத்தான் தின்றுவிட்டேன். மன்னித்துவிடுங்கள். வந்துவிடுங்கள்.

டீச்சர்

ஜூலை 21

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

அழாதே. எனக்கு அது முன்னமே தெரியும். நாற்பத்தெட்டு மாதத்தையும் எழுதிய அட்டவணையை நீ அனுப்பிய முதல் மாதமே, காற்று பலமாக அடித்து வேலை நின்றுபோன ஒரு மதியம், கேபினில் உட்கார்ந்து போனிலேயே பெருக்கிப் பார்த்தேன்.

சொல்லியிருக்கலாம். வந்தால் அங்கே எனக்கு வேலை இல்லை. உன் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட மனசு கூசியது. உன் சராசரி எனக்கு வசதியாகப் போயிற்று. வரட்டுமா என்று கேட்டதெல்லாம், நீ வேண்டாம் என்பாய் என்ற தைரியத்தில்தான்.

கிரேன்காரன்

ஆகஸ்ட் 2

காயினை விற்றுக் கடனில் கட்டிவிட்டேன். மீதியை என் சம்பளம் பார்த்துக்கொள்ளும்.

வேலையில்லாமல் வந்திருந்தால் உங்களை ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? வருடா வருடம் நாற்பது பிள்ளைகளின் தப்பைத் திருத்துகிறேன். என் தப்பைத் திருத்த எனக்கென்று இருந்த ஒரே ஆள் நீங்கள். அந்தத் தப்புக்குள்ளேயே ஒளிந்துகொண்டு இரண்டு வருடம் இருந்திருக்கிறீர்கள். கோபப்படக்கூடத் தெம்பில்லை, அலுத்துவிட்டது.

அப்பா வருகிறார் என்று மகளிடம் இனி நான் சொல்லப்போவதில்லை. வருவதாக இருந்தால் எழுத வேண்டாம். வந்து நில்லுங்கள்.