எடை மெஷின்ல என் கால் கட்டைவிரல்

என் கோவக்காரிக்கு,

நான் உன்னைக் குண்டுன்னு சொல்லவே இல்லடி. மெஷின்தான் சொல்லுச்சு. அதுவும் நான் சொல்லிக்கொடுத்து. நீ பேசமாட்டேன்னுட்டே, அதான் எதிர்லேயே உக்காந்து எழுதுறேன். தலைகீழா படிச்சுக்கோ.

ஒரு வாரமா நீ மெஷின்ல ஏறுறப்போ, பின்னாடி நின்னு கட்டைவிரலால லேசா அழுத்துனேன். விளையாட்டுக்குத்தான். அளவா சாப்பிட்டு, தினம் நடந்தும் எடை கொறையலைன்னு நீ ரெண்டு நாளா பட்டினி கிடப்பேன்னு நெனைக்கல. நேத்து படியில தலைசுத்தி உக்காந்தியே, எனக்கு உசுரே போயிடுச்சு.

நெசமா மூணு கிலோ கொறஞ்சிருக்கே. பாவாடை இடுப்புல நிக்காதப்பவே சந்தேகப்பட வேண்டாமா, மக்கு? டாக்டரம்மா சொன்னபடி வேளாவேளைக்குச் சாப்பிடு. இனிமே நீ ஏறுறப்போ நான் வாசல்லயே

எங்க எழுந்து போறே? இன்னும் முடிக்கல.

சமையக்கட்டுல தட்டு எடுக்கிற சத்தம் கேக்குது. ஒரே ஒரு தட்டுதான். பரவாயில்ல, நீ சாப்பிடு.

உன் வீட்டுக் குரங்கு