முதல் கணக்கு என்னுடையது

என்னங்க,

காலையில் அலமாரிக்குள்ளிருந்து திடீரென்று கீச் கீச்சென்று சத்தம். பதறிப்போய்த் திறந்தால், வீட்டுப் படங்களையெல்லாம் சேர்த்து வைக்க நீங்கள் சர்வராக்கிய பழைய லேப்டாப். சார்ஜர் கழன்றிருந்தது, மாட்டிவிட்டேன்.

திரையில் நம் போட்டோ ஆல்பம், முதல் கணக்கைத் தொடங்கச் சொல்லிக் காத்திருந்தது. இது என்னவென்று கேட்டதற்கு, "உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று நேற்று எரிந்து விழுந்தீர்களே, அப்படி என்னதான் இருக்கிறதென்று என் பெயரைத் தட்டிப் பார்த்தேன். முதலில் நுழைபவர்தான் நிர்வாகியாம். இனி உங்களுக்கே நான்தான் கணக்குத் திறந்து தர வேண்டுமாம். அத்தனை படமும் இந்த ஓட்டை லேப்டாப்புக்குள்ளேயா தங்கும்?

நீங்கள் எழுவதற்குள் நாங்கள் கிளம்பிவிடுவோம். சாவி மேசையில். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி மாதிரி கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள்.

பி.கு.: செருப்பை மாட்டிக்கொண்டே உங்கள் மகள் கேட்கிறாள்: "அப்பா ஸாரி சொன்னாத்தான் ஆல்பத்துக்குள்ளே விடுவியாம்மா, இல்ல சாப்பிட்டாலே போதுமா?"