புளியங்கொட்டை மாவு இரண்டு முறை விழுந்த நாள்

இன்று காலை வேங்கிக்கால் பட்டறைக்குள் நுழைந்ததும் வறுத்த புளியங்கொட்டை வாசனை. உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

நம் தட்டுக்குக் காப்புரிமை தர மறுத்துவிட்டார்கள். மக்கும் பிளாஸ்டிக்கில் புளியங்கொட்டை மாவு சேர்ப்பது பழைய ஆய்வுகளிலேயே இருக்கிறதாம். அளவைக் கூட்டிப் பார்ப்பது இந்தத் துறையில் யாருக்கும் தோன்றக்கூடியதாம். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்திருக்கிறேன். வக்கீல் அம்மா ஒரு கேள்விதான் கேட்டார்: "மாவு ஜாஸ்தியானா தட்டு நொறுங்கும்னுதான எல்லாரும் எழுதியிருக்காங்க. அப்புறம் நீங்க ஏன் ரெண்டு பங்கு போட்டீங்க?"

இரண்டு பங்கு போட நமக்கும்தான் தோன்றவில்லை. அதை எப்படிச் சொல்வேன்?

அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்குச் சாலையை அடைப்பதற்குள் வீடு போய்ச் சேர வேண்டுமென்று, கலவையில் மாவைப் போட்டுவிட்டு மதியமே ஓடினேன். போட்டாயிற்று என்றால் டப்பா மூடியைக் கவிழ்த்து வைப்பது நம் வழக்கம். நீ வந்து இன்னொரு பங்கு போட்டாய். மறுநாள் மிச்ச மாவை எடை போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. தூக்கிப் போடும் முன் விளையாட்டாக அந்தத் தட்டில் ஆவி பறக்கும் பொங்கலை வைத்தாய். தட்டு தொய்யவில்லை, நொறுங்கவும் இல்லை.

அப்போதும் உனக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம். "மூடியப் பாக்காம போட்டிருக்கேன்டி. யார்கிட்டயும் சொல்லாத, படிச்சவ பண்ற வேலையான்னு சிரிப்பாங்க" என்றாய். நானும் சரியென்றேன். விண்ணப்பத்தில் எல்லாமே திட்டமிட்டுச் செய்ததுபோல எழுதினோம். அந்த அழகான எழுத்துதான் இன்று நம் காலை வாரிவிட்டது.

அதனால் பிரமாணப் பத்திரத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "யாரும் யோசிச்சு செய்யலன்றதுதாங்க நமக்கு பலம்" என்கிறார் வக்கீல் அம்மா. தீர்ப்பு எப்படி வந்தாலும் வரட்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. நீ மூடியைப் பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. அது நிமிர்ந்தே இருந்தது. ஓடுகிற அவசரத்தில் கவிழ்க்க மறந்தவள் நான். நீ தலைகுனிந்து நின்றபோதே எனக்கு அது தெரியும். முன்பின் தெரியாத நீதிபதிக்கு எழுதிக் கொடுத்த அந்த ஒரு வரியை, நாலு வருஷம் பக்கத்திலேயே இருந்த உன்னிடம் நான் சொல்லவில்லையடி.