அவசரக்காரி

மார்ச் 4

நாடக விமர்சனம் அச்சில் வந்துவிட்டது. கதாநாயகனின் "கனத்த மௌனங்களை"ப் புகழ்ந்திருக்கிறேன். அவருக்கு மனைவியாக நடிக்கும் என் நாத்தனாரை, "அந்த மௌனங்களைப் பொறுக்காத அவசரக்காரி" என்றும் எழுதியிருக்கிறேன். வீட்டில் இவர் வாசித்துவிட்டு, "என் தங்கச்சின்னுகூடப் பாக்கலையே நீ" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 9

நாத்தனாரை நாடகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இயக்குநர் என் வரியைக் காட்டித்தான் சொன்னாராம். சனிக்கிழமையோடு சரி.

போனில் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"உங்கள நடிச்சுக் காட்டச் சொல்லல அண்ணி. சனிக்கிழமை ஒரு தடவை மேடையோரம் வந்து நின்னு பாருங்க, போதும்."

சட்டை இறுக்குகிறது என்று சொல்லத் தையல் தெரிய வேண்டுமா? உனக்கு நடிக்கத் தெரியுமா என்பவர்களுக்கு இதுதான் என் வழக்கமான பதில். அவளிடம் அதைச் சொல்லாமல், வருகிறேன் என்றேன்.

மார்ச் 14

மேடையோரத் திரைக்குப் பின்னால், நாடகப் பிரதியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதாநாயகனின் அந்த மௌனம் வந்தது. அரங்கத்துக்கு அவர் முகம், எனக்கு முதுகு. சட்டை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. கட்டைவிரல் பேன்ட் தையலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

மனிதருக்கு வசனம் மறந்துவிட்டது!

நாத்தனார் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் திரும்பி, உதடு அசையாமல் வசனத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் பிடித்துக்கொள்ளவில்லை. உடனே அவருடைய வரியைத் தானே கேள்வியாக்கி, "அப்போ வீட்ட வித்துட்டேங்கறீங்க?" என்று முந்திக்கொண்டாள். கதை நகர்ந்தது.

இதைத்தான் அவசரம் என்று எழுதினேன்.

முடிந்ததும் கதாநாயகன் மேக்கப்பைத் துடைத்துக்கொண்டே வந்தார். "வாங்க மேடம்! நீங்க எழுதினதுக்கப்புறம் வசனம் பாடம் பண்றதையே விட்டுட்டேன்!" சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் இளித்தேன் — எதற்கு? தூ.

மார்ச் 16

திருத்தம் எழுதிக்கொண்டு போனேன். பத்திரிகை ஆசிரியர் பாதியிலேயே திருப்பித் தள்ளினார். "உங்க விமர்சனத்துக்கு நீங்களே மறுப்பா? விடுங்கம்மா. போஸ்டர்லயே உங்க வரிதான்."

தெருமுனையில் பார்த்தேன். கனத்த மௌனங்கள்! கீழே என் பெயர். பசை இன்னும் காயவில்லை.

சட்டை இறுக்குகிறது என்பது வேறு. இன்னார் கைதான் கோணல் என்பது வேறு. அதைச் சொல்லத் தையல் தெரிய வேண்டாமா?

மார்ச் 17

திருத்தம் போடாவிட்டால் இனி எழுத மாட்டேன் என்றேன். "உங்க இஷ்டம்" என்றார் ஆசிரியர்.

மார்ச் 28

அந்த நாடகத்துக்கே போனோம், நானும் நாத்தனாரும். அவள்தான் கூப்பிட்டாள். "எதிர்ல உக்காந்து நான் இதப் பாத்ததே இல்ல அண்ணி."

மனைவியாகப் புதுப்பெண். எடுத்துக் கொடுக்கத் தெரியவில்லை. மௌனம் நீண்டுகொண்டே போனது. அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. அவருக்கு மறந்துவிட்டது, அவ்வளவுதான் — நன்றாகத் தெரியும். தெரிந்தும் எனக்குக் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. சீ, என்ன பிறவி நான்!

திரும்பினேன். நாத்தனார் கண் கொட்டாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனியன்," என்றாள் மெதுவாக. "இங்கேருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு."