குண்டனோட வசனம்

பள்ளிவாசல் டீ எஸ்டேட்

அம்மா, அந்தக் குண்டன் ஒல்லியன் இங்கிலீஷ் படத்தோட ரெண்டாம் பாகம் எங்க எஸ்டேட்டுக்கே வந்துருச்சுங்க!

உங்களுக்கும் அப்பாவுக்கும் கும்புடுங்க. அப்பாவோட முட்டிவலி தேவலைங்களா? நான் சௌக்கியமுங்க.

ஞாயித்துக்கிழமை கிளப் மைதானத்துல திரை கட்டிப் போட்டாங்க. வயிறு வலிக்கச் சிரிச்சேன். மொத பாகத்தைப் பொள்ளாச்சியில அண்ணன்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டுச்சு. இங்கிலீஷ் புரியாம, ஊட்டுக்கு வந்து உங்க முன்னாலயும் தங்கச்சி முன்னாலயும் நாங்களே தமிழ்ல வசனம் கட்டி நடிச்சோமே! அண்ணன் குண்டன், நான் ஒல்லியன்.

அதைச் சொன்னதும் லயத்து வீடுகள்ல கூடக் குடியிருக்கற ஆளுக, "ஏலே, நடிச்சுக் காட்டுல"ன்னாங்க. என் வசனத்தைப் பேசிட்டு, பழக்கத்துல அண்ணன் பதிலுக்குக் காத்து நின்னுட்டேன். அதையும் நடிப்புன்னு நெனைச்சுக் கைதட்டினாங்க. "குண்டன் எங்கலே?"ன்னு மேஸ்திரி கேட்டாரு. போன மாங்கா பறிப்புல மரத்துல இருந்து உழுந்து அண்ணன் போய்ச் சேர்ந்ததைச் சொல்ல வாய் வரலைங்க. ஊர்ல இருக்குதுன்னுட்டேன்.

இங்க குளிர் ஜாஸ்திங்க. அண்ணன் கம்பளிய யார்கிட்டயாச்சும் குடுத்துவிடுங்க, துவைக்காதீங்க. வேலைக்கு நேரமாச்சு. குண்டனோட வசனம் எனக்கு மறந்துட்டே வருதுங்க. தங்கச்சியையும் கூட்டி வெச்சு, ஞாபகமிருக்கறதையெல்லாம் உடனே எழுதிப் போடுங்க.

ஈஸ்வரமூர்த்தி